கழுத்துக்கு வந்த வம்பு

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடைவை வாங்குவதுகூடச் சுலபம். அதோடு சேர்த்து நெய்து வருகிறதே ரவிக்கைத் துண்டு, அதைத் தைக்கக் கொடுப்பதற்குள்தான் குடும்பம் இரண்டு கட்சியாகி விடுகிறது. சென்ற மாதம் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு தையல் கடையில் நின்றிருந்தேன். கல்யாணப் பெண் ஒருத்தி, "அண்ணா, கழுத்தை நல்லா இறக்கி வெட்டிடுங்க" என்றாள். "அதெல்லாம் வேண்டாம். ஒட்டினாப்பலே தைங்க. கோயில் ஊர்லே இதென்ன கூத்து?" என்றாள் தாயார். தையல்காரர் இருவர் முகத்தையும் பார்த்தார். இஞ்ச் டேப்பைத் தோளில் போட்டுக் கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அநுபவசாலி!

இப்படி இறக்கி வெட்டிய கழுத்துக்கு இங்கிலீஷ் நாகரிகப் பத்திரிகைகளில் ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு: 'டெகோல்தாஜ்'. உதட்டைக் குவித்துச் சொன்னால் ஏதோ விரசமான சமாசாரம் போல் தோன்றும். பிரித்துப் பார்த்தாலோ சப்பென்று போய்விடும். 'கோல்' என்றால் சட்டையின் கழுத்துப் பட்டை. 'டெ' என்றால் நீக்குவது. அவ்வளவுதான்! இந்தக் கோலுக்கு மூலம் லத்தீனில் கழுத்தைக் குறிக்கும் 'கொல்லும்' என்ற சொல். (பயப்படாதீர்கள், அது யாரையும் கொல்லாது.) நம் வீட்டு ஆண்களின் சட்டைக் 'காலரு'ம் அதே கொல்லும் பாட்டியின் பேத்திதான். லேத்தில் இரும்புக் கம்பியைக் கடைந்து திருகாணி செய்யும் தொழிலுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் டெகோல்தாஜ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். திருகாணியில் என்ன விரசம் இருக்க முடியும், சொல்லுங்கள்?

அந்தத் தாயார் அடக்கத்துக்கு அடையாளமாக நினைக்கிற 'பிளவுஸ்' மட்டும் என்னவாம்? அதுவும் பிரெஞ்சுச் சொல்தான். அங்கே தொழிலாளிகள் மாட்டிக் கொண்ட தொளதொள மேலங்கிக்குப் பெயர் அது.

கோயில் ஊர் என்றாளே, அதையும் பார்த்து விடுவோம். அதே ஊரில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் இருக்கிறது. பிராகாரத்தைச் சுற்றி வந்தால் தேவியரும் தோழியரும் வரிசையாகக் காட்சி தருகிறார்கள். தைத்த ரவிக்கை ஒருத்திக்கும் கிடையாது. அவர்களை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை, கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆகவே மானமும் அவமானமும் துணியில் இல்லை. கழுத்து எவ்வளவு இறங்கலாம் என்று உத்தரவு போடுகிறவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். விக்டோரியா மகாராணியின் தர்பாரைப் பாருங்கள். அங்கே மகாராணியைத் தரிசிக்கப் போகும் சீமாட்டிகள் கழுத்தும் தோளும் தெரியும்படி உடுத்தியே தீர வேண்டும். குளிர் தாங்காது, உடம்பு சரியில்லை என்றால், மூடிய கழுத்துக்கு அரண்மனையில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்!

அதே மகாராணியின் காலத்தில், திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் நேர்மாறான உத்தரவை எதிர்த்து நின்றார்கள். மேல்சாதியார் முன்னிலையில் அவர்கள் மார்பை மறைக்கக் கூடாது! மறைத்துக் கொண்டு சந்தைக்குப் போனவர்களின் துணியை நடுத்தெருவில் கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். ஏறத்தாழ நாற்பது வருஷம் நீடித்தது. கடைசியில் சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கவே, 1859 ஜூலையில் மகாராஜா உத்திரம் திருநாள் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் இனிக் குப்பாயம் அணியலாம். முரட்டுத் துணியால் மார்பை மறைத்துக் கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் அணிகிற விதமாக மட்டும் அணியக் கூடாது.