நெடுங்குழலும் குறுங்குழலும்

சென்ற மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகன், மன்னாரிலே எங்கள் பெரியம்மா வீட்டு முற்றத்தில், விடிந்தும் விடியாத வேளையில், வலக்கையைத் தோளுயரத்துக்கு நேரே நீட்டியபடி நின்றான். நீட்டிய கையில் தண்ணீர் நிரப்பிய ஒரு போத்தல். இடக்கை காற்சட்டைப் பைக்குள். மீனுக்குக் காத்து நிற்கும் கொக்கைப்போல அவன் அசையாமல் நிற்பதைத் திண்ணையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா தேநீரோடு குசினியிலிருந்து வெளியே வந்தார். அந்தக் கையைக் கண்டார். வந்த வழியே திரும்பி உள்ளே சென்று குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பையன் ஒரு குற்றமும் செய்தவனல்லன். வயது இருபத்திரண்டு. பத்து மீற்றர் தொலைவிலுள்ள காகித இலக்கைக் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியாற் சுடும் விளையாட்டிலே அவனுக்குப் பெரும் பித்து. அந்த விளையாட்டில் துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேற்படலாகாது. ஒற்றைக் கையாலேயே அதைப் பிடித்தல் வேண்டும். பெரும் போட்டிகளில் 60 வெடிகளை 75 நிமிடங்களுக்குள் தீர்த்தல் வேண்டும். தோள் அதற்குப் பழகாவிட்டால் இருபதாம் வெடியிலேயே கை தாழ்ந்துவிடுமாம். துப்பாக்கியை இங்கே கொண்டுவர இயலாதாகையால் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பயின்றான். அவ்வளவே.

“சுடுவதென்றால் நெடுந்துவக்கு இருக்கிறதே தம்பி, இந்தக் குட்டிச் சாமானில் அப்படி என்ன கண்டாய்?” என்று நான் கேட்டேன். சுடுவதில் ஆர்வமுள்ளவர்கள் எந்த நாட்டிலே கூடினாலும் இந்த வழக்கு எழாமற் போவதில்லை. சிலருக்கு நீண்ட குழல். சிலருக்குக் குறுகிய குழல். ஒரு கட்சியார் மறுகட்சியாரைச் சற்றே இளக்காரமாகத்தான் நோக்குவார்கள். நான் நெடுங்குழற் கட்சி என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுகிறேன்.

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழி வழியாக வந்ததென்று அறிஞர் கூறுவர். எங்களூர் வாயில் அது துவக்கு. துவக்கு என்றாலே நீண்டதுதான். குறுகியதைக் குறிக்க எங்களுக்குச் சொந்தச் சொல்லொன்று இருக்கவில்லை; பிஸ்டல் என்று பிறர் சொல்லையே இரவல் வாங்கினோம். நெல் விளையும் ஊருக்கு அந்தச் சாமான் தேவைப்படவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

பெரியப்பாவுக்குக் கட்டுக்கரைக் குளத்தின் கீழே, முருங்கன் பக்கத்தில் வயல் இருந்தது. அருவியாற்றுத் தேக்கத்திலிருந்து வரும் நீர் குளத்தை நிரப்ப, குளம் வயலை நிரப்பும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று ஓரிரவு புகுந்தால் அரை ஏக்கர் நெல் மண்ணோடு மண்ணாகிவிடும். அதனாலே துவக்கென்பது மண்வெட்டியையும் கத்தியையும் போல ஒரு கமக்காரச் சாமான். வசதி குறைந்தவர்களிடம் இடியன் துவக்கு. மருந்தையும் சன்னத்தையும் குழல்வாய் வழியே போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவதனால் அப்பெயர். பெரியப்பாவிடம் இரட்டைக் குழல் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு இருந்தது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றில் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் புகுமோ அதுவே பன்னிரண்டாம் இலக்கம். இந்தக் கணக்கை அவர் எனக்கு விளக்கிய நாளிலே பள்ளிக்கூடத்துக் கணக்கிலும் எனக்கு ஒரு பற்று உண்டாயிற்று.

1968 ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயதிலே, அவர் அதை என் கையிற் கொடுத்தார். கொடுக்குமுன் அவர் சொல்லித் தந்தது குறி வைப்பதைப் பற்றியதன்று. “குழல்வாய்க்கு முன்னாலே யார் வரக்கூடும் என்று முதலிற் பார். பிறகு பன்றியைப் பார்,” என்றார். அதன் பின்னரே மற்றவை: அடிக்கட்டையைத் தோட்குழியிற் புதை, கன்னத்தைக் கட்டையிலே சாய், இடக்கை தாங்கட்டும், வலக்கை விசையைத் தொடட்டும், மூச்சை முக்காற்பங்கு விட்டுவிட்டு நிறுத்து. வெடித்தது. தோளிலே நீலம் பாரித்தது மூன்று நாள் இருந்தது. பெரியம்மா எண்ணெய் தடவிவிட்டார்.

நெடுந்துவக்கின் இன்பம் அந்த அணைப்பிலே இருக்கிறது. தோள், கன்னம், இரண்டு கைகள் என நான்கிடத்தில் அது உடம்பைப் பற்றிக்கொள்ளும். உடம்பும் துவக்கும் ஒன்றாகித் திரும்பும். பறவைச் சூட்டிலே இதன் அருமை தெரியும். மாரியிலே வடக்கேயிருந்து வரும் காட்டுத்தாரா, காற்றோடு சேர்ந்து பறக்கும்போது கண்ணுக்கு எட்டுமுன் கடந்துவிடும். பறவையைக் குறிவைத்தாற் சன்னம் அதன் வாலுக்குப் பின்னே போகும். பறவை போகப்போகும் இடத்துக்குக் குழலைக் கொண்டுபோய், நிறுத்தாமல் வீசியபடியே விசையைத் தட்ட வேண்டும். கட்டுக்கரைக் குளம் 1954 இலேயே சரணாலயமாகிவிட்டபடியாற் பெரியப்பா அங்கே துவக்கைத் தோளுக்கு ஏற்றியதில்லை. வங்காலைப் பக்கத்துக் கடனீரேரிக் கரையோடு நின்றுகொள்வார். 2008 இல் வங்காலையும் சரணாலயமாயிற்று. 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சேர்க்கப்பட்டது. இன்று அங்கே பூநாரைகளைப் படம் பிடிக்கப் பலர் வருகிறார்கள். தாராவின் சுவை நாக்கிலே இருக்கும்போதே சொல்லுகிறேன்: இதுவே நல்லது.

கைத்துப்பாக்கியை நான் முதன்முதற் கண்டதும் அந்த வயல்வெளியிலேதான். கொழும்பிலிருந்து வந்த பெரியப்பாவின் நண்பரொருவர் இடுப்பிலிருந்து ஒரு றிவோல்வரை எடுத்துக் காட்டினார். சிறுவர்களாகிய எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. வரம்பிலே ஒரு தேங்காயை வைத்துப் பத்தடி தூரத்திலிருந்து, இல்லை, பத்துக் கவடு தூரத்திலிருந்து என்று நினைக்கிறேன், ஆறு வெடி தீர்த்தார். தேங்காய் இருந்தபடியே இருந்தது. நண்பரும் சேர்ந்து சிரித்தார். அவர் போன பிறகு பெரியப்பா சொன்னார்: “அது பன்றிக்குச் செய்த சாமானில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மனிசனுக்குச் செய்தது.”

அந்த ஆறு வெடிகளும் ஏன் தவறின என்பதை ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின் என் மருமகனே எனக்கு விளக்கினான். தள்ளாடிப் பக்கத்துப் பாலத்தடியிலே பறவை பார்க்கப் போயிருந்தோம். மணலிலே குச்சியாற் கோடு கீறிக் காட்டினான். துப்பாக்கியில் முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி. இரண்டுக்கும் இடையே 75 சென்றிமீற்றர் இருக்குமானால், அவை ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீற்றர் விலகும்போது பத்து மீற்றருக்கு அப்பால் வெடி 13 மில்லிமீற்றர் விலகும். இடைவெளி 30 சென்றிமீற்றரானால் விலகல் 33 மில்லிமீற்றர். நண்பரின் றிவோல்வரைப் போல பத்துச் சென்றிமீற்றரே ஆனால் நூறு மில்லிமீற்றர். அதாவது நான்கு அங்குலம். தேங்காய் தப்பியது வியப்பன்று. போதாக்குறைக்குத் தோளுமில்லை, கன்னமுமில்லை. நீட்டிய கையின் நுனியிலே துப்பாக்கி தனியே தொங்குகிறது. நாடி துடிப்பதுகூட அதன் மூக்கிலே தெரியும்.

“அதுதான் மாமா எனக்குப் பிடிச்சது. றைபிள் உங்கட நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். பிஸ்டல் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்,” என்றான்.

போட்டி விதிகளை வகுத்தவர்களும் இந்த வேறுபாட்டை அறிந்தே வகுத்திருக்கிறார்கள். இரண்டு விளையாட்டுக்கும் தூரம் ஒன்றே, பத்து மீற்றர். குண்டும் ஒன்றே, நாலரை மில்லிமீற்றர். ஆயின் றைபிள்காரனுக்குப் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீற்றர். பேனா முனையால் வைத்த புள்ளி. கைத்துப்பாக்கிக்காரனுக்கோ பதினொன்றரை மில்லிமீற்றர் வட்டம். றைபிள்காரர் உடம்பை நிலைநிறுத்த விறைத்த தோற்சட்டையும் கனத்த சப்பாத்தும் அணிந்து போருக்குப் போவோர்போல நிற்பார்கள். மற்றவர்களோ சாதாரண உடையிலே வந்து நிற்கிறார்கள். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலே துருக்கியின் யூசுப் டிக்கெச் ஒரு கையைப் பைக்குள் இட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு, கடைத்தெருவுக்குப் போகிறவர்போல நின்று வெள்ளிப் பதக்கம் பெற்ற படத்தை உலகமே பார்த்தது. அந்தக் கை பைக்குள் இருப்பது அலட்சியத்தாலன்று. தொங்கும் கை உடம்பை ஆட்டிவிடாமலிருப்பதற்கு. அதே போட்டிகளில் இந்தியாவின் மனு பாக்கர் கைத்துப்பாக்கியால் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் நின்றார்; அது பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் விளையாட்டு. நம் நாட்டின் தெஹானி எகொடவெல 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் நின்றது காற்றழுத்த றைபிளோடு. பெரியப்பா இருந்திருந்தால் பின்னிருவர் பக்கமே சேர்ந்திருப்பார்.

எனக்கும் மனம் சிறிது இளகியது. ஆனாலும் கேட்டேன்: “எல்லாஞ் சரி. அது மடியிலே மறையும் சாமானல்லவா?” நெடுந்துவக்கோடு வருகிறவனை வயலின் மறுகரையிலேயே கண்டுகொள்ளலாம். பேசலாம், ஒளியலாம், ஓடலாம். குறுங்குழல் வருவது எவருக்கும் தெரியாது.

மருமகன் இதற்கும் விடை வைத்திருந்தான். ஒவ்வொரு நாடும் தன்னைச் சுட்ட துப்பாக்கிக்கே அஞ்சுகிறது என்றான். 1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் ஒருவன் கைத்துப்பாக்கிகளால் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். மறு ஆண்டு பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதற்கு ஏழு கிழமை கழியுமுன், அதே 1996 ஏப்ரலில், அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டது நெடுங்குழலால். அந்நாடு தானே தோட்டா ஏற்றும் நெடுந்துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கைத்துப்பாக்கி விற்பதும் வாங்குவதும் நிறுத்தப்பட்டுவிட்டன. அவனுடைய விளையாட்டுத் துப்பாக்கியைக் கண்டாலே அங்கேயும் சிலர் முகஞ் சுளிக்கிறார்களாம். “நாங்கள் எதுக்குப் பயப்படுகிறோம் மாமா?” என்று கேட்டான்.

பாலத்தடியிலே வைத்து அவனுக்குச் சொன்னேன். அவன் தாய் சொல்லாமல் விட்டதை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

1984 இல் ஓர் இரவு துவக்கு போயிற்று. வந்தவர்கள் கேட்டார்கள், பெரியப்பா கொடுத்தார். அக்காலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு வீடுகளில் இருந்த துவக்குகள் பல இவ்வாறே கைமாறின. தோட்டாப் பெட்டியைக் கொடுத்தபின், குழல் துடைக்கும் எண்ணெய்ச் சீலையையும் எடுத்து நீட்டி, கடற்காற்றிலே துருப்பிடிக்க விடவேண்டாம் என்று சொன்னாராம். அதன்பின் இரண்டு போகம் பன்றிக்கு விளைந்தது. 1986 இல் ஒரு மாலை, படலையடியிலே ஒரு சைக்கிள் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் கேட்டுப் பெரியப்பா முற்றத்தில் இறங்கினார். குசினி வாசலிலே நின்ற பெரியம்மா கண்டது நீட்டிய ஒரு கையை மட்டுமே. அக்கையிலே என்ன இருந்தது என்பதைச் சத்தம் கேட்டபிறகே அறிந்தார். யார், எதற்காக என்பதை எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. பிற்பாடு பேசாலையிலிருந்து வள்ளமேறி இராமேசுவரம் போய், அகதி முகாமில் இருந்து, திரும்பி வந்து, அதே காணியிலே வீட்டை எடுத்துக் கட்டியபோதும் குசினி வாசலை அவர் மாற்றவில்லை.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் போத்தலிலிருந்த தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினான்.

அன்றிரவு சாப்பாட்டின்போது பெரியம்மாவே பேச்சைத் தொடங்கினார்.

“அந்தப் போத்தல் என்ன பாரம் வரும், ராசா?”

“ஒரு கிலோ, அம்மம்மா.”

“எவ்வளவு நேரம் பிடிப்பாய்?”

“ஒரு நிமிசம். பிறகு இறக்கிப்போட்டுத் திரும்பவும் பிடிக்கவேணும்.” சற்றுத் தயங்கி, “இனிப் பிடிக்கமாட்டன்,” என்றான்.

“ஆர் பிடிக்கவேண்டாமெண்டது? முத்தத்திலை, வாசற்பக்கம் வேண்டாம். பின்னாலை நிண்டு பிடி.” மீன் குழம்பை அவன் கோப்பையில் ஊற்றிவிட்டு அவர் எழுந்துவிட்டார்.

மறுநாட் காலை அவன் வீட்டின் பின்புறத்திலே, கிடுகு வேலியை நோக்கிக் கையை நீட்டி நின்றான். பெரியம்மா திருவலையைக் கொண்டுவந்து பின்வாசற்படியிலே வைத்துத் தேங்காய் துருவத் தொடங்கினார். எண்பத்தெட்டு வயதிலும் அந்தக் கை நடுங்கவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். அவர் ஒருதரமேனும் மருமகனின் கையைப் பார்க்கவில்லை. அந்தக் கை நீண்ட திசையிலே எவரும் வந்துவிடாதபடி, வேலியின் பின்படலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.