களஞ்சியச் சாவி

உடல் பருத்த ஒருவரைக் கண்டதும் அறிவுரை கூறாத நா நம்மிடையே அரிது. "சோற்றைக் குறையுங்கள், காலையில் எழுந்து நடங்கள்" என்னும் இரண்டு சொற்றொடர்களும் திருமண வீட்டில் கிடைக்கும். பேருந்து நிலையத்தில் கிடைக்கும். ஏன், இழவு வீட்டிலும் கிடைக்கும். சிறு வயதில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்த நம்மவர் பலருக்கு, பருத்த உடலைப் பார்த்தவுடன் போசனப்பிரியமும் சோம்பலும் ஒருங்கே நினைவுக்கு வந்துவிடுகின்றன. இடுப்பின் சுற்றளவைக் கொண்டே ஒருவருடைய மனக்கட்டுப்பாட்டை அளந்துவிடுகிறார்கள். மெலிந்தவருக்கோ கேட்காமலேயே நற்சான்று கிடைத்துவிடுகிறது.

மிகுதியாக உண்டால் எடை கூடும், குறைவாக உண்டால் எடை குறையும் என்னும் கணக்கு பொய்யன்று. ஆயினும், நம் உடல் வரவும் செலவும் எழுதி வைக்கும் வெறும் பேரேடு அன்று. வரவு குறைந்தால் தன் செலவைத் தானே சுருக்கிக்கொள்ளும் ஒரு குடும்பத்தைப் போன்றது அது. அந்தக் குடும்பத்தின் களஞ்சியச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. அவருக்கு இன்சுலின் என்று பெயர்.

காலையில் நான்கு இட்டிலி உண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே வயிற்றின் பின்புறம் அமைந்துள்ள கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகளும் கொழுப்புத் திசுக்களும் அதன் கட்டளைக்குக் கதவு திறந்து குளுக்கோசை உள்ளே ஏற்கின்றன. கல்லீரலும் தசையும் அதில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கின்றன. இது அன்றாடச் செலவுக்கான அஞ்சறைப்பெட்டிக் காசு போன்றது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் ஏறத்தாழ 400 கிராமுமே தங்கும். நெடுநாள் சேமிப்பு கொழுப்பாகவே வைக்கப்படுகிறது. இன்சுலின் மிகுந்திருக்கும் நேரத்தில் இந்தக் கொழுப்புக் களஞ்சியம் பூட்டப்பட்டிருக்கும். இரவில் நாம் உறங்கும்போது இன்சுலின் தாழ்கிறது, பூட்டு நெகிழ்கிறது, சேமித்த கொழுப்பு வெளிவந்து உடலைக் காக்கிறது. உண்பதும் உறங்குவதுமாகிய நம் நாளுக்குள் இந்தத் திறப்பும் அடைப்பும் ஓசையின்றி நடந்துகொண்டே இருக்கின்றன.

இந்தப் பொறுப்பாளர் வீட்டை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும்? 1922-க்கு முன் நீரிழிவு கண்ட குழந்தைகளைக் கண்டவர்கள் அதை அறிந்திருந்தார்கள். களஞ்சியத்தில் எதுவும் தங்காது, உள்ளதும் கரைந்தோடும், குழந்தை தின்னத் தின்ன மெலியும். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் முதலியோர் அறிந்திருந்த ஒரே வழி, உணவை மிகவும் குறைத்து உயிரைச் சில காலம் நீட்டிப்பது. அவ்வாறு காக்கப்பட்டவர்களுள் ஒருவர் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி. அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1922 ஆகஸ்டில் கனடாவின் டொரண்டோ நகருக்கு அழைத்து வரப்பட்டபோது அவளுக்கு வயது 15 நிரம்பும் தறுவாய். எடையோ ஏறத்தாழ 20 கிலோ. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அந்நகரில் ஃபிரெடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும், மெக்லியோட், காலிப் ஆகியோரின் துணையுடன், இன்சுலினைப் பிரித்தெடுக்கும் பணியில் வெற்றி கண்டிருந்தார்கள். ஊசி தொடங்கியது. சிறுமியின் உடலில் சதை பிடித்தது. அவர் மணமுடித்து, மக்களைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். அந்தச் சிறுமிக்கு எடை கூடியதே உயிர் மீண்டதன் அடையாளமாக இருந்தது.

இவ்வளவும் நாங்கள் ஏட்டில் தேடிப் படிக்கக் காரணமாயிருந்தவர் எங்கள் பெரியக்கா. நாங்கள் உடன்பிறந்தோர் நால்வர். தாயை இளமையிலேயே இழந்த எங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவர் அவர்களே. ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரைகள் போதாமல் போனபோது மருத்துவர் இன்சுலின் ஊசியைத் தொடங்கினார். ஆறு மாதங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. எடை ஐந்து கிலோ கூடியது. வந்தது உறவினர் கண்ணுக்குத் தெரியவில்லை, கூடியது தெரிந்தது. "ஊசி போட ஆரம்பிச்சதும் வாயைக் கட்டுறதை விட்டுட்டாங்க போல" என்று ஒருவர் சொன்னது அக்காவின் செவியில் விழுந்தது.

அக்கா எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரவு ஊசியைத் தவிர்த்தார்கள். பின்னர்க் காலை அளவையும் பாதியாக்கினார்கள். எடை இறங்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஒரு திருமணத்தில் அதே உறவினர்கள், "அக்கா, நல்லா மெலிஞ்சிட்டீங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று வியந்தார்கள். அந்தப் பாராட்டு நடந்த மூன்றாம் வாரம், அடங்காத தாகமும் நினைவுத் தடுமாற்றமுமாக அவர்களை மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தச் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. பத்து வயது குறைந்தது போலிருந்த அவர்கள் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள்.

உடல்நிலை தேறியபின் மருத்துவர் அம்மையார் அக்காவின் கட்டிலருகே அமர்ந்து விளக்கியதை நாங்களும் நின்று கேட்டோம். "ஊசிக்கு முன்னால் நீங்கள் உண்டதில் ஒரு பங்கு சிறுநீரில் சர்க்கரையாகவே போய்க்கொண்டிருந்தது. ஓட்டைப் பானையில் நீர் தங்காதது போல. ஊசி அந்த ஓட்டையை அடைத்தது. அதனால் எடை கூடியது. இப்போது மெலிந்தீர்களே, அது ஓட்டை மறுபடி திறந்ததனால்" என்றார். அக்கா நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "என்னைப் பெருந்தீனிக்காரின்னு நினைச்சாங்களேம்மா" என்று மட்டும் சொன்னார்கள்.

அம்மையார் கூறியது பெரிய ஆய்வுகளிலும் காணப்பட்ட உண்மையே. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்து 1998-இல் வெளியான நீரிழிவு ஆய்வில், இன்சுலின் பெற்றவர்கள் பத்தாண்டுகளில் மற்றவர்களைவிடச் சராசரியாக 4 கிலோ கூடுதலாக எடை பெற்றார்கள். அதே ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியோருக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ச் சிக்கல்கள் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைந்தன. நான்கு கிலோவைக் கொடுத்துக் கண்ணொளியைக் காத்துக்கொள்வது நட்டமான வணிகம் அன்று. அந்த நான்கு கிலோவையும் தவிர்க்க விரும்புவோர் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். மருந்தையும் அளவையும் உணவையும் மாற்றியமைக்க வழிகள் உண்டு. தாமே ஊசியைக் குறைப்பது அவ்வழிகளுள் ஒன்றன்று.

அப்படியானால், களஞ்சியத்தைப் பூட்டும் இன்சுலின்தான் பருமனுக்கெல்லாம் வேர் என்று கொள்ளலாமா? மாவுச்சத்தை அறவே ஒழித்தால் இன்சுலின் தாழும், கொழுப்பு தானே கரையும் என்று முழங்குவோர் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பையும் மறு பிரிவினருக்கு மாவுச்சத்தையும் குறைத்து ஓராண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். முன்னவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், பின்னவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள், குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. யாருக்கு எந்த உணவு பொருந்தும் என்பதை அவரவர் இன்சுலின் சுரப்பைக் கொண்டு முன்கூட்டிச் சொல்லவும் இயலவில்லை. சாவி வைத்திருப்பவர் ஒருவர்தாம். ஆனால் வீட்டை நடத்துவோர் பலர். பசியைத் தூண்டுவதும் அடக்குவதுமாகிய சுரப்புகளும், மூளையும், உறக்கமும், தசையும் அவர்களுள் அடங்கும்.

வரவு குறையும்போது அந்த வீடு எவ்வாறு தற்காத்துக்கொள்கிறது என்பதை 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் கண்டறிந்தார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடங்கொடாத இளைஞர் 36 பேர், போரினால் பட்டினி கிடந்தோரை மீட்கும் வழியறியத் தம் உடலை ஆய்வுக்கு ஈந்தார்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலோ ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது. கோடையிலும் குளிர்ந்தது, சமையல் நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், உணவைத் தவிர வேறு நினைவில்லை. மனவலிமையில் எவருக்கும் குறையாத இளைஞர்கள் அவர்கள். எடை குறைப்புப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்விலும், அவர்களின் உடல் நாளொன்றுக்கு எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிடுவது தெரிந்தது. விரைந்து இழந்ததை உடல் மறப்பதில்லை. முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததென மகிழ்வோரும் ஒன்றை அறிதல் நலம்: கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னுடன் தாங்கியிருக்கிறது. முதலில் இறங்குவதில் பெரும்பகுதி அந்த நீரே.

நம் நாட்டவர் உடலுக்குத் தனியே ஒரு செய்தியும் உண்டு. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் தம் இருவர் படங்களையும் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆயின் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலிலோ 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள்ளும் கொழுப்பு குடியிருக்கக்கூடும். வயிற்றுக்குள் அது சேரும்போது தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகிறது. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவாளர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அவர்களில் மெலிந்தோரும் உண்டு. ஆகவே எடைப்பொறியைவிட இடுப்பை அளக்கும் நாடா நமக்கு உண்மையை மிகுதியாகச் சொல்லும்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை.

ஆறுதல் தரும் செய்தி நம் சென்னையிலிருந்தே வந்தது. மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவைச் சீராக்கி நாள்தோறும் நடந்தவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. வியப்பு என்னவெனில், நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! உழைக்கும் தசை, இன்சுலின் வந்து கதவு திறக்கும்வரை காத்திராமல் தானே குளுக்கோசை ஏற்றுக்கொள்கிறது. எடைப்பொறியின் முள் அசையாதபோதும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கலாம்.

இன்று எங்கள் பெரியக்கா மாலைதோறும் உணவுக்குப்பின் தெருவில் அரைமணி நேரம் நடக்கிறார்கள். தட்டில் முதலில் காய்கறி, அதன்பின் பருப்பும் முட்டையும், கடைசியில் அளவாகச் சோறு. ஊசியை ஒரு வேளையும் தவிர்ப்பதில்லை. எடை இரண்டு கிலோ மட்டும் குறைந்திருக்கிறது, ஓராண்டில். கண் பரிசோதனையில் விழித்திரை நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். அன்றிரவு தம் பேத்திக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்கள்.

எடையைக் குறைக்க வேண்டாம் என்பதன்று நம் கருத்து. குறைக்க வேண்டியோர் மெல்லக் குறைக்கட்டும்; தசையைக் காத்துக் குறைக்கட்டும்; மருத்துவர் அறியக் குறைக்கட்டும். ஆயின் பிறர் உடலைப் பற்றி நாம் பேசும் ஒரு சொல், அவர் கையிலுள்ள மருந்தைப் பறிக்கும் வலிமையுடையது. அடுத்த திருமண வீட்டில் பருத்தவரையோ மெலிந்தவரையோ சந்திக்கும்போது, எடையைப் பற்றி வாய் திறக்குமுன், "நலமாக இருக்கிறீர்களா? மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்போமாக. விடை வரும்வரை சற்றுப் பொறுத்தும் நிற்போமாக.