கூகுள் இருக்கும்போது இது எதற்கு?

கல்லூரி நூலகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சந்தா புதுப்பிக்கும் நேரம் வந்தாலே ஒரு கேள்வியும் வந்துவிடும். "எல்லாம்தான் கூகுள்ல கிடைக்குதே மேடம், இதுக்கு எதுக்கு இத்தனை லட்சம்?"

'இது' என்பது, ஆய்வுக் கட்டுரைகளின் பொருளடைவையும் சுருக்கத்தையும் தரும் கட்டணத் தரவுத்தளங்கள். எந்த விஷயத்தைப் பற்றி யார், எந்த இதழில், எப்போது எழுதினார்கள், அதன் சாரம் என்ன என்று அவை சொல்லும். முழுக் கட்டுரை பெரும்பாலும் இருக்காது. "சாப்பாடே போடாத ஹோட்டல்ல மெனு கார்டுக்குக் காசா?" என்று பேராசிரியர் ஒருவர் கிண்டல் செய்வார்.

கேள்வி நியாயமானதுதான். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் அமெரிக்காவின் 'பப்மெட்' 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். 2004-ல் 'கூகுள் ஸ்காலர்' வந்தது. 2022-ல் 'ஓப்பன்அலெக்ஸ்' வந்தது. பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகமே 2024 முதல் 'வெப் ஆஃப் சயின்ஸ்' சந்தாவை நிறுத்திவிட்டது.

ஆனாலும், எல்லாவற்றையும் நிறுத்த எனக்கு மனம் வராததற்கு ஒரு மாணவிதான் காரணம்.

கீழாநெல்லியில் பிஎச்.டி. செய்ய வந்தவள் அவள். இணையத்தில் 'பைலாந்தஸ் நிரூரி' என்று தேடிவிட்டு, "இந்தத் தலைப்புல யாருமே செய்யல மேடம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நம் பழைய கட்டுரைகள் பலவற்றில் கீழாநெல்லிக்கு அந்தப் பெயர்தான். ஆனால் தாவரவியலாளர்கள் இப்போது அதை 'பைலாந்தஸ் அமாரஸ்' என்கிறார்கள். தரவுத்தளத்தில் பேரினத் தலைப்பைப் பிடித்துத் தேடிக் கொடுத்தேன். அவள் செய்யவிருந்த அதே பரிசோதனை இன்னொரு பெயரில் ஏற்கெனவே வெளியாகியிருந்தது. முகம் வாடிப்போயிற்று. நல்லவேளை, அது முதல் மாதம். கைடிடம் பேசி, கோணத்தை மாற்றி, நல்லபடியாக முடித்தாள். உதவித்தொகை தீரும் மூன்றாம் வருடத்தில் இது தெரிந்திருந்தால்?

பொதுவான தேடுபொறி நாம் தட்டும் சொல்லைத்தான் பெரும்பாலும் துரத்தும். நல்ல பொருளடைவோ, பெயர் எதுவானாலும் பொருளைப் பிடிக்கும். 1907-ல் தொடங்கிய 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' இப்போது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஓர் எண் தருகிறது. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு 458-37-7. நமக்கு ஆதார் எண் மாதிரி.

மஞ்சள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்தது. 1997-ல் அது ரத்தானது. அப்போது காட்டிய ஆதாரங்களில் ஒன்று, இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-ல் வந்த கட்டுரை. பழைய கட்டுரை எங்கோ இருந்தால் மட்டும் போதாது. வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும்.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிட்டத்தட்ட 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. நல்ல விஷயம். சாப்பாடு வந்துவிட்டது. எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

அதற்காக எல்லாவற்றையும் வாங்கச் சொல்லவில்லை. யார் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பெருமைப்பட மட்டும் வாங்குவதைத் தாராளமாக நிறுத்தலாம். மற்றவற்றுக்கு ஒரு சோதனை வையுங்கள். மாணவர்களின் நிஜமான பத்துக் கேள்விகளை எடுத்து, இலவசத்திலும் கட்டணத்திலும் தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றையே தந்தால் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம். இலவசத்தில் முக்கியமான ஒன்று விட்டுப்போனால், அந்தச் சந்தாவில் கை வைக்காதீர்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை இருந்தால், தலைப்பை முடிவு செய்யும் முன் ஒருநாள் நூலகரிடம் போய் உட்காரச் சொல்லுங்கள்.