ரிச்சி தெருவில் ஒன்பது வோல்ட்

சென்னை ரிச்சி தெருவில் செல்போன் உதிரிபாகக் கடைகளுக்கு மேல் இருக்கும் ஒரு சின்ன அறையில் ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இப்போது அவரிடம் அதிகம் வருவது கிட்டார்காரர்கள்தான். அவர்களுடைய எஃபெக்ட்ஸ் பெடல்கள் சுவர் பிளக்கை நம்பாமல் ஓட, பேட்டரிப் பெட்டி கட்டித் தருகிறார்.

நான் போனது ஆடி பிறப்பதற்குச் சற்று முன். அம்மன் கோயில் கச்சேரிகளுக்குத் தேதி கொடுத்துவிட்ட மெல்லிசைக் குழுக் கிட்டாரிஸ்ட் ஒருவர் தன் பெடல் போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருமுனை மேடையில் சீரியல் பல்பு, ஜெனரேட்டர், பக்கத்து வீட்டு லைன் எல்லாம் ஒரே வயர்க் கூட்டமாக வரும். எர்த்து எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்தவை; மைக்கோ மிக்ஸரின் எர்த்தோடு. இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் நடுவில் மாட்டுவது பாடுகிறவர் உதடுதான்.

“கோரஸ் பாட மைக்கிட்ட போனா சுர்ருங்குது அண்ணே.”

“பெடலுக்கு மட்டும் பேட்டரி போட்டுட்டு ஆம்ப்ல சொருவினா அப்பவும் அடிக்கும் தம்பி. நேரா மிக்ஸருக்குப் போ. மைக்கும் நீயும் ஒரே எர்த்துல இருப்பீங்க.”

பேட்டரி எல்லா இரைச்சலையும் போக்கிவிடும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இவர் அப்படிச் சொல்வதில்லை. சிங்கிள் காயில் பிக்கப் தானாக இழுத்துக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்குப் பேட்டரியில் மருந்து கிடையாது. அடாப்டர் வழியாக வருவதுதான் போகும்.

போர்டில் இருந்த ஓவர்டிரைவ் வகைப் பெடல்கள் பத்து மில்லி ஆம்பியர் அளவில்தான் தின்கின்றன. டிலேயும் மல்டி எஃபெக்ட்ஸும் சேர்ந்து 400 மில்லி ஆம்பியர். சதுரமான 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவே ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர் மணி. அந்தச் சுமையில் அதைக்கூட முழுசாகத் தராது. அதனால் டிஜிட்டல் பெடல்களுக்கு 18650 லித்தியம் செல்கள். தடிமன் 18 மில்லிமீட்டர், நீளம் 65.

மூன்று செல் போதாதா என்று கேட்டேன். நிறைந்திருக்கும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மூன்றுக்கு 12.6, ஆனால் வடிந்து 3 வோல்ட்டுக்கு வந்தால் மொத்தமே 9. குறைத்துக் கொடுக்கும் கன்வர்ட்டருக்கு உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். “கடைசிப் பாட்டுல நிக்காது” என்று நான்காவது செல்லை எடுத்து வைத்தார். லேப்டாப்பில் கழற்றிய பழைய செல்களைத் தொடுவதில்லை. செல்லுக்கு நேரடியாகச் சால்டரிங் அயர்ன் வைப்பதும் இல்லை, சூடு உள்ளே போய்விடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டுகிறார். மேலே செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு, ஃப்யூஸ். செல் ஒன்றுக்கு 2600 மில்லி ஆம்பியர் மணி. கணக்குப்படி எட்டு மணி நேரம் தாண்டும். அவர் ஆறு என்றுதான் சொல்லித் தருகிறார்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் எல்எம்2596 கன்வர்ட்டர் நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை திறந்து மூடுகிறது. அந்தச் சத்தம் காதுக்கு எட்டாதுதான். ஆனால் டிலே பெடலுக்குள் ஓடும் இன்னொரு கடிகாரத்தோடு அது மோதினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் கேட்கும் விசிலாக வந்து நிற்கும். ஓவர்டிரைவ் அதைப் பெருக்கும். கிட்டார் வால்யூமைச் சுழியத்தில் வைத்து, ஸ்பீக்கரை முழுக்கத் திறந்து, ஃபேனையும் அணைத்துவிட்டுக் கேட்டோம். காதோரம் கொசு சுற்றுவதுபோல ஒன்று இருந்தது. காயிலும் பெரிய கப்பாசிட்டரும் சேர்த்தார், குறைந்தது, போகவில்லை. கன்வர்ட்டரை அலுமினியப் பெட்டிக்குள் அடைத்து, வா பெடலிலிருந்து தள்ளி வைத்தார். வா பெடலுக்குள் இருக்கும் காயில் பக்கத்துக் காந்தப் புலத்தை வாங்கிக்கொள்ளுமாம்.

மீதி இருந்ததை அவர் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை அதே லித்தியம் பெட்டியில் இணைத்திருந்த ஓவர்டிரைவ்களைப் பிரித்து, அவற்றுக்குள் பழையபடி சதுர பேட்டரியையே போட்டார். இப்போது இரு தரப்புக்கும் சிக்னல் கேபிளைத் தவிர உறவில்லை. விசில் நின்றது. இருபது, முப்பது மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு ஒரே நிபந்தனை: கச்சேரி முடிந்ததும் உள்ளே போகும் கேபிளைக் கழற்ற வேண்டும். இந்தப் பெடல்களின் இன்புட் ஜாக்கே சுவிட்ச். பிளக் உள்ளே இருக்கும்வரை, காலால் அணைத்தாலும், பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும்.

கிட்டாரிஸ்டுக்குக் கைகொள்ளாத சந்தோஷம். “கீபோர்டுக்கும் இதே பெட்டில ஒரு லைன் இழுத்துரலாமாண்ணே?”

“அது 12 வோல்ட்டுடா, நடுவுல பிளஸ். இதுல நடுவுல மைனஸ். மாத்திச் சொருவினீங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான் எங்கிட்ட வருவீங்க.” பிளக்கில் சிவப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டே, கீபோர்டைத் தனியாகக் கொண்டுவரச் சொன்னார், ஆடி கழிந்து.