விடைக்கோழிகளின் விளையாட்டுப் போர்

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் ஒரு வீட்டுக் கொல்லை. விடியலில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் விடைக்கோழிகள் இரண்டு வெளிப்படுகின்றன. சற்றுநேரம் குப்பையைக் கிளறிய அவை, திடீரென எதிரெதிர் நின்று, கழுத்து மயிர் சிலிர்க்க, மார்போடு மார்பு மோத எழும்புகின்றன. “ஐயோ, ஒன்றையொன்று கொன்றுவிடுமே!” என்று பதைத்த வீட்டம்மையார் ஒன்றைப் பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் அடைக்கிறார். அவர் இரக்கம் உயர்ந்ததே, செயல்தான் வேண்டாதது.

அப்போரை உற்று நோக்குமின்! அலகு தசையைப் பற்றுவதில்லை, குருதி சிந்துவதில்லை, ஒன்று தலை தாழ்த்தி விலகினால் மற்றது விடாது துரத்துவதும் இல்லை. மறுகணமே இரண்டும் ஒரே கறையான் புற்றைக் கிளறுகின்றன!

குப்பைக்கோழிகளின் போரை உவமையாக்கிய சங்கப் புலவர்க்குக் குப்பைக்கோழியார் என்பதே பெயராயிற்று. விலக்குவாரின்றித் தானே ஓயவேண்டிய போர் அது என்பதைக் குறுந்தொகையின் 305 ஆம் பாட்டில் அவர் நுட்பமாகக் காட்டினார். நெடுங்காலத்திற்குப் பின், சிறுவயது முதலே கோழிகளைக் கண்டு பழகிய நார்வே நாட்டு ஷெல்டெரூப் எப்பே என்பார், அவற்றிடையே ‘கொத்தும் வரிசை’ ஒன்று உண்டென 1922 இல் எழுதினார். எது முன்னே தின்பது, எது விலகி நிற்பது என்பதை அவ்வரிசையே வரையறுக்கும். இளங்கோழிகளின் விளையாட்டில் அதற்கான பயிற்சி நிகழ்கிறது.

பலநாள் பிரித்து வைத்த கோழியை மீண்டும் விட்டாலோ, மற்றவை அதனை அயற்கோழியாகவே கருதும். அப்போது நிகழ்வது மெய்ப்போர். இடநெருக்கடியும் இரைக்குறைவும் அதனை வளர்க்கும்.

குருதி கண்டவிடத்துத் தாமதியாது பிரித்தல் வேண்டும். அச்செந்நிறம் ஏனையவற்றையும் கொத்தத் தூண்டும். புண் ஆறுமட்டும் அதே கொல்லையில், மற்றவை காணும்படி பஞ்சாரத்துள் வைத்திருப்பது நலம்.