மில்லி செக்கனின் மிச்சம்

டைம்ஸ்டாம்ப்பைத் திருத்த வரும் எந்தப் பேட்சிலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பின்னத்தை எங்கே வெட்டுகிறார்கள், எத்தனை தடவை வெட்டுகிறார்கள்?

அண்மையில் பார்த்த பேட்ச், எம்பெக் டிஎஸ் கோப்பை மட்ரோஸ்காவாக மாற்றும் இடத்தைத் தொட்டது. எம்பெக் டிஎஸ்ஸில் ஒரு செக்கனுக்கு 90,000 கூறு. செக்கனுக்கு 29.97 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு பிரேமுக்குச் சரியாக 3003 கூறு; மிச்சமே இல்லை. மட்ரோஸ்கா வழக்கமாக மில்லி செக்கனில் எண்ணும். அங்கே அதே பிரேம் 33.3667 ஆகிறது. பழைய கோட் அதை 33 என்று வெட்டி, வெட்டியதையே பிரேமுக்குப் பிரேம் கூட்டிக்கொண்டு போனது.

கொழுந்து நிறுக்கையில் ஒவ்வொரு நிறுவையிலும் கிலோவுக்கு மேலுள்ள கிராமைத் தள்ளிவிட்டால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று பதுளையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து செக்கன் வீடியோத் துண்டில் குறைவது 0.11 செக்கன்தான், பலருக்குப் பிடிபடாது. ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 40 செக்கன். ஜப்பானில் வாங்கிய பழைய கேம்கோடரில் விடிய விடிய எடுத்த காமன் கூத்தை மாற்றிப் பாருங்கள்: தப்பில் குச்சி விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வரும்.

பேட்சை எழுதியவர் கண்ட வழி, மூன்றாவது பிரேமுக்கு மட்டும் 34 கொடுப்பது. 33, 33, 34. மூன்றுக்கும் சேர்த்து 100. அவருடைய சோதனைக் கோப்பு சரியாக 30 பிரேம் என்பதால் தேறிவிட்டது. 29.97இல் மூன்று பிரேமுக்கு 100.1 வேண்டும். மணித்தியாலத்துக்கு இன்னும் 3.6 செக்கன் விடுபடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சிப் பதிவுகளை வைத்துச் சோதித்தால் இதுவும் அகப்படாது. அவை 25 பிரேம். ஒவ்வொன்றும் 40 மில்லி செக்கன். வெட்ட எதுவும் இல்லாத இடத்தில் பிழையான கோட்டும் பாஸ்தான்.

கூட்டலையே விட்டுவிடச் சொன்னேன். தொடக்கத்திலிருந்து அந்தப் பிரேம்வரையான நேரத்தை மூலக் கூறுகளிலேயே எடுத்து, ஒரே தடவை மாற்றி, கடைசியில் மட்டும் கிட்டிய முழு எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருள், 29.97ஐத் தசமமாக வைக்காமல் 30000/1001 என்று இரண்டு முழு எண்களாக வைத்திருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். முதல் பிரேமோ லட்சமாவது பிரேமோ, பிசகு அரை மில்லி செக்கனைத் தாண்டாது.

திருந்தி வந்த பேட்ச் முதலாவதைவிடச் சின்னது. அதைச் சேர்க்குமுன் கூடவே ஒரு சோதனையும் கேட்டேன்: 29.97இல் லட்சம் பிரேம். வீடியோகூட வேண்டாம், வெறும் எண்கள் போதும். கணினிக்கு அது ஒரு செக்கன் வேலை.