மடியில் ஒரு டிக்கெட்

கோயம்புத்தூரில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, அப்புறம் இருபத்து மூன்று மாதத்தில் ஒரு குட்டிப் பையன். 2024 டிசம்பரில் இவர்கள் லண்டன் கிளம்பியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு குளிர் காலத்துலயா போவீங்க?"

காரணம் சிம்பிள். ஜனவரியில் பையனுக்கு இரண்டு வயது முடிகிறது. அதற்குள் போனால் மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விமானங்களில் மடிக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். பிறந்தநாள் தாண்டினால் தனி சீட், தனிக் காசு. அப்பா ஆடிட்டர் ஆச்சே, விடுவாரா? ஆனால் விசாவில் அவர் பருப்பு வேகவில்லை. அங்கே பேரனுக்கும் பாட்டிக்கும் ஒரே ரேட்!

ஈஸ்ட் ஹாமில் மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஃப்ளாட். வந்த முதல் ராத்திரியே பிரச்சினை ஆரம்பம். லண்டன் கடிகாரம் குளிர் காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். கோவையில் காலை ஏழு மணிக்கு எழுகிற பையன், அங்கே ராத்திரி ஒன்றரைக்கே எழுந்து உட்கார்ந்து "வெளிய போலாம்" என்றான். டிசம்பரில் அங்கே விடியவே எட்டு மணி ஆகும். மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் என்பது மொத்தமாகவே எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பையன் மூன்று மணி நேரம் தூங்கிவிடுவான். மிச்சமிருக்கும் ஐந்து மணி நேரத்துக்குத்தான் அப்பா பத்து இடங்களை எக்ஸெல் ஷீட்டில் போட்டு வைத்திருந்தார்.

ட்யூப் ரயில் இன்னொரு கதை. 1863-இல் தொடங்கிய ரயில். 272 ஸ்டேஷன்கள் இருந்தும், படி ஏறாமல் பிளாட்பாரம் போய்ச் சேர முடிவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான். மற்ற இடங்களில் தள்ளுவண்டியை அப்பா முன்னால் பிடிக்க, அம்மா பின்னால் பிடிக்க, நம்ம ஊர்ப் பல்லக்கு மாதிரிப் பையன் ஜம்மென்று போனான். இரண்டாம் நாளே பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். தாழ்வான தரை, தள்ளுவண்டி நிறுத்த இடம். சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால் மட்டும் வண்டியை மடக்கி இடம் விட வேண்டும். பையனுக்கு டிக்கெட்டும் கிடையாது. அந்தச் சிவப்பு மாடி பஸ்தான் அவனுக்கு லண்டன். ஜன்னல் வழியே எது போனாலும் "பஸ்ஸூ!" என்று ஒரு கூச்சல்.

23-ஆம் தேதி தேம்ஸ் கரையில் இருக்கும் அந்த ராட்சத ராட்டினத்துக்கு, லண்டன் ஐக்கு, டிக்கெட் போட்டிருந்தது. காலையிலிருந்தே பையனுக்கு மூக்கு ஒழுகல்.

"ஏனுங்க, இன்னிக்கு வேண்டாமுங்க" என்றார் அம்மா.

"காசு கட்டியாச்சு. திரும்பி வராது."

"காசு போனாப் போகுது, குழந்தையப் பாரு கண்ணு" என்றார் பாட்டி.

பி.காம் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன செலவு போனதுதான். போனாலும் வராது, போகாவிட்டாலும் வராது. இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமே கிடையாது. இதை ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மனுஷர்தான் அன்றைக்குத் தள்ளுவண்டியை வெளியே எடுத்தார். 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியும் பையன் பாட்டி தோளில் தூங்கினான். திரும்பும்போது ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது.

25-ஆம் தேதி ராத்திரி ஒன்றரை. வழக்கம்போல முழிப்பு வந்தது. ஆனால் "வெளிய போலாம்" வரவில்லை. உடம்பு கொதித்தது.

அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அப்பாவுக்கு. பாட்டி பையனுக்கு இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, மேலே கம்பளி. அப்பா 111-க்குப் போன் போட்டார். இங்கிலாந்தில் இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும் இலவச மருத்துவ ஆலோசனை எண் அது. எதிர்முனையில் ஒரு பெண் குரல் பொறுமையாகக் கேட்டது. தண்ணீர் குடிக்கிறானா? சிறுநீர் போகிறதா? உடம்பில் தடிப்பு உண்டா? கூப்பிட்டால் பார்க்கிறானா? கடைசியில் சொன்னது இதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் மருந்தை அளவோடு கொடுங்கள், அடிக்கடி குடிக்க வையுங்கள், போர்த்தி மூடாதீர்கள், சோர்ந்து போனால் உடனே திரும்பக் கூப்பிடுங்கள்.

"போர்த்தி மூடாதீர்கள்" என்பதை மொழிபெயர்க்க அப்பா கொஞ்சம் தயங்கினார். பாட்டி பேசாமல் குல்லாவைத் தானே கழற்றினார்.

விடிந்தால் பால் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் ட்யூப் ஓடாது, பஸ் ஓடாது. 2004-இல் வந்த சட்டப்படி பெரிய கடைகள் திறக்கவும் கூடாது. அவ்வளவு பெரிய ஊர், வாயடைத்துக் கிடந்தது. அப்பா தெருத் தெருவாக நடந்தார். பாதி ஷட்டர் தூக்கிய ஒரு சின்னக் கடை. உள்ளே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர்.

"பிள்ளைக்குக் காய்ச்சலோ? எத்தனை வயசு தம்பி?"

பாலைக் கொடுத்தார். கூட இரண்டு வாழைப்பழம் வைத்தார். பழத்துக்குக் காசு வாங்கவில்லை. "பிள்ளை சாப்பிட்டாக் காணும்" என்றார்.

அன்று முழுக்கப் பையன் ஜன்னலோரம் பாட்டி மடியில் கிடந்தான். காலி ரோட்டைப் பார்த்து அவ்வப்போது "பஸ்?" என்று மெல்லக் கேட்டான். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் கொஞ்சம் வியர்த்தது. அரை வாழைப்பழம் உள்ளே போனது.

மறுநாளுக்கு வெளியூர்ச் சுற்றுலா ஒன்று புக் ஆகியிருந்தது. அதுவும் காசு திரும்பாத டிக்கெட். காலையில் அம்மா அப்பா முகத்தைப் பார்த்தார். அப்பா செலவு நோட்டை எடுத்தார். அந்தத் தொகைக்கு நேராகக் கோடு போட்டு 'ரைட் ஆஃப்' என்று எழுதினார். மூடி வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கமிருந்து கத்தல் கேட்டது.

"பஸ்ஸூ!"

மூன்று பெரியவர்களும் ஓடி வந்து பார்த்தார்கள். சாதாரண பஸ்தான். மேல் மாடி முழுக்கக் காலி.